மூச்சைத் தாங்கும் மென்படலம்

ஏழாம் மாதத்திற் பிறந்த பிள்ளை தப்பிப் பிழைக்கும், எட்டாம் மாதத்திற் பிறந்த பிள்ளை தங்காது என்று நம் மூதாட்டிகள் சொல்வதுண்டு. இது தமிழருக்கு மட்டும் உரிய நம்பிக்கையன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க தேசத்தில், வைத்தியத்தின் தந்தையெனப் போற்றப்படும் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கிய நூல்களுள், எட்டாம் மாதச் சிசுவைப் பற்றித் தனியொரு நூலே உண்டு. கடல் கடந்த இரு தேசங்களில் ஒரே எண்ணம் வேரூன்றியிருந்ததாயின் அதில் ஏதேனும் உண்மை இருக்கத்தான் வேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் உண்மை அதற்கு நேர்மாறானது. தாயின் வயிற்றில் ஒரு வாரம் கூடுதலாகத் தங்கும் பிள்ளைக்கு அந்த ஒரு வாரமும் ஆதாயமே. எட்டாம் மாதப் பிள்ளை, ஏழாம் மாதப் பிள்ளையைவிட எளிதாகப் பிழைக்கும்.

இதற்குரிய காரணங்களுள் முதன்மையானது நுரையீரலின் உட்புறத்தே படிந்திருக்கும் ஒரு மென்படலம். கண்ணுக்குப் புலப்படாத அந்தப் படலம் இல்லையேல், பிறந்த பிள்ளை முதல் மூச்சை இழுத்தாலும் இரண்டாம் மூச்சுக்குத் தவிக்கும். படலம் இல்லாத பிள்ளைக்கு அதனையே மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சை இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. அம்மருந்து எந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்கும், எந்தப் பிள்ளைக்குக் கைகொடாது, ஏன் என்பதை இவ்வாரம் நோக்குவோம். தாய்மாருக்கும் தந்தையருக்கும் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். விஞ்ஞானம் கற்கும் மாணவர்களுக்கோ, வகுப்பறையிற் படித்த பௌதிகவியற் சூத்திரமொன்று தொட்டிலருகே வந்து நிற்கும் அதிசயம்.

குமிழியின் கணக்கு

நுரையீரலைப் பெரியதொரு காற்றுப்பை என்று பலர் எண்ணுகின்றனர். அது அவ்வாறன்று. திராட்சைக் குலைபோல் அமைந்த கோடிக்கணக்கான சிற்றறைகளின் தொகுதியே நுரையீரல். வளர்ந்த மனிதரிடத்தில் இச்சிற்றறைகள் 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். ஒவ்வொன்றின் விட்டமும் ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர். இவையனைத்தையும் விரித்துப் பரப்பினால் இரண்டு வகுப்பறைகளின் தரையை மூடிவிடலாம். சிற்றறையின் சுவருக்கு அப்பால் இரத்தம் ஓடுகின்றது. இப்பால் காற்று நிற்கின்றது. அந்த மெல்லிய சுவரினூடாகவே பிராணவாயுவாகிய ஒட்சிசன் உட்புகுகின்றது, காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது.

இச்சிற்றறைகளின் உட்சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கும். இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. வாவியில் முழுகி எழும் சிறுவனொருவனின் தலைமயிரைக் கவனித்திருப்பீர்கள். நீருக்குள் இருக்கும்போது அது விரிந்து அலைகின்றது. தலையை வெளியே எடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றது. நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில், நீரின் மேற்பரப்பு தன்னை இயன்றவரை சுருக்கிக்கொள்ள முயல்வதே இதற்குக் காரணம். இதனையே மேற்பரப்பு இழுவிசை என்கிறோம். சிற்றறையினுள் படிந்த நீரும் அவ்வாறே சுருங்க முயன்று, சிற்றறையை மூடிவிடப் பார்க்கின்றது.

அதனை எதிர்த்துச் சிற்றறையைத் திறந்து வைக்க எவ்வளவு அமுக்கம் வேண்டும்? இழுவிசையின் இருமடங்கை ஆரையால் வகுத்தால் விடை கிடைக்கும். உடல் வெப்பத்தில் நீரின் மேற்பரப்பு இழுவிசை மீற்றருக்கு 0.07 நியூற்றன். சிற்றறையின் ஆரை 0.1 மில்லிமீற்றர். கணக்கிட்டால் 1400 பஸ்கால், அதாவது 14 சென்ரிமீற்றர் உயரமான நீர் நிரலின் அமுக்கம் வருகின்றது. ஆறுதலாக மூச்சு விடும்போது நம் நெஞ்சு உண்டாக்கும் அமுக்க மாற்றம் இதிற் சிறு பங்கே. குறைமாதச் சிசுவின் சிற்றறை இன்னும் சிறியது. ஆரை பாதியானால் வேண்டிய அமுக்கம் இருமடங்காகி 28 சென்ரிமீற்றராகிவிடும். ஒரு கிலோகிராம் எடையுள்ள சிசுவின் நெஞ்சுத் தசை நிமிடத்திற்கு அறுபது தடவை அந்தப் பாரத்தைத் தூக்க இயலுமா?

இன்னுமொரு தொல்லையும் உண்டு. ஒரு குழாயின் இரு முனைகளிலும் பெரியதும் சிறியதுமாக இரண்டு சவர்க்காரக் குமிழிகளை உண்டாக்கி, இடையிலுள்ள அடைப்பைத் திறந்து பாருங்கள். இரண்டும் சமமாகிவிடும் என்று மாணவர் எதிர்பார்ப்பர். நடப்பதோ வேறு. சிறிய குமிழியின் காற்று பெரியதற்குள் ஓடிவிடும். சிறியது மேலும் சிறுக்கும், பெரியது மேலும் பெருக்கும். நுரையீரலிலும் இவ்வாறு நிகழுமாயின், சிறிய அறைகள் யாவும் மூடிக்கொள்ள, சில அறைகள் மட்டும் ஊதிப் பெருத்து நிற்கும்.

இயற்கை இதற்குச் செய்து வைத்திருக்கும் பரிகாரமே அந்த மென்படலம். சிற்றறைச் சுவரிலுள்ள ஒருவகைக் கலங்கள் கொழுப்பும் சிறிதளவு புரதமும் சேர்ந்த ஒரு பொருளைச் சுரக்கின்றன. வைத்தியர்கள் இதனைச் சர்பக்டன்ட் என்பர். இதன் பிரதான கூறு லெசித்தின் வகையைச் சேர்ந்தது. முட்டையின் மஞ்சட் கருவிலும் அவ்வகைப் பொருள் உண்டு. சவர்க்காரம் நீரின் இழுவிசையைக் குறைப்பது போலவே இதுவும் குறைக்கின்றது. அதற்கு மேலும் ஒரு திறமை இதற்கு இருக்கின்றது. மூச்சு வெளியேறிச் சிற்றறை சுருங்கும்போது படலத்தின் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்படுகின்றன. அப்போது இழுவிசை ஏறக்குறையப் பூச்சியத்திற்கே இறங்கிவிடுகின்றது. ஆகவே சிறிய அறை பெரிய அறைக்குள் வெறுமையாவதில்லை. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் அறைகள் திறந்தபடியே நிற்கின்றன.

கருவிலிருக்கும் சிசு இப்பொருளை ஏறக்குறைய 24 ஆம் வாரத்திலிருந்து சிறிது சிறிதாக உண்டாக்கத் தொடங்கி, 35 ஆம் வாரமளவிற் போதியளவு சேர்த்துக்கொள்கின்றது. ஏழாம் மாதத்தைவிட எட்டாம் மாதம் மேலானது என்று சொன்னதன் பொருள் இப்போது விளங்கும்.

ஒரு படலத்தைத் தேடிய கதை

1929 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தில் பணியாற்றிய குர்ட் வொன் நீர்கார்ட் என்பவர், பன்றியின் நுரையீரலைக் காற்றினாலும் திரவத்தினாலும் மாறிமாறி நிரப்பிப் பார்த்தார். திரவத்தினால் நிரப்புவது மிக இலகுவாயிருந்தது. நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையே சுருங்கும் விசைக்குப் பெரும் காரணம் என்று அவர் எழுதினார். அதனைக் கால் நூற்றாண்டு காலம் எவரும் பொருட்படுத்தவில்லை.

மறுபடி இவ்விஷயத்தைத் தொட்டவர்கள் சிசு வைத்தியர்கள் அல்லர். போர்க்கால நச்சுவாயுக்கள் நுரையீரலுக்குச் செய்யும் தீங்கை ஆராய்ந்தவர்களே. இங்கிலாந்தின் போர்ட்டன் ஆராய்ச்சி நிலையத்தில் றிச்சர்ட் பற்றில், நுரையீரலிலிருந்து வந்த நுரையின் குமிழிகள் உடையாமல் நெடுநேரம் நிலைத்திருப்பதைக் கண்டு 1955 இல் வெளியிட்டார். அமெரிக்க இராணுவத்தின் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தில் ஜோன் கிளெமென்ற்ஸ், அப்பொருளின் இழுவிசையை அளந்து 1957 இல் அறிவித்தார். கொல்லும் வாயுவை ஆராயப் புகுந்த இடத்தில் உயிர் காக்கும் பொருள் அகப்பட்டது.

அக்காலத்தில் குறைமாதச் சிசுக்கள் பிறந்த சில மணி நேரத்தில் மூச்சுத் திணறி இறப்பது சாதாரணம். இறந்த சிசுக்களின் சிற்றறைகளில் கண்ணாடி போன்ற ஒரு படிவைக் கண்ட வைத்தியர்கள், அப்படிவே மூச்சை அடைத்துக் கொன்றது என்று கருதினர். மேரி எலன் ஏவெரி என்ற பெண் வைத்தியர், ஜெயர் மீட் என்பவரோடு சேர்ந்து 1959 இல் இக்கருத்தைத் தலைகீழாக்கினார். சிசுவைக் கொன்றது இருந்த படிவன்று, இல்லாத படலமே என்று அவர்கள் காட்டினர்.

காரணம் தெரிந்தது, மருந்து கிடைக்கவில்லை. 1963 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7 ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடிக்குப் பற்றிக் என்ற ஆண் குழந்தை ஐந்தரை வாரங்கள் முன்னதாகப் பிறந்தது. எடை 2 கிலோகிராமுக்குச் சற்று மேல். பொஸ்டன் நகரின் தலைசிறந்த சிறுவர் வைத்தியசாலையில், உயர் அமுக்க ஒட்சிசன் அறையினுள் வைத்துப் பார்த்தனர். பிறந்து 39 மணித்தியாலங்களில் அக்குழந்தை இறந்தது. உலகின் செல்வமும் அதிகாரமும் ஒருங்கே திரண்டிருந்த வீட்டிற்கு அன்று கிட்டாத மருந்து, சில மில்லிலீற்றர் அளவான வெண்ணிறத் திரவம்.

1960 களில் லெசித்தினை மட்டும் புகையாக்கிச் சிசுக்களின் சுவாசத்திற் செலுத்திப் பார்த்தனர். சிங்கப்பூரிலும் அத்தகைய முயற்சி நடைபெற்றது. பயன் கிட்டவில்லை. படலம் விரைந்து பரவுவதற்கு அதிலுள்ள சிறிதளவு புரதம் இன்றியமையாதது என்பது பின்னரே தெரியவந்தது. 1972 இல் சுவீடனில் என்ஹோர்ணிங், றொபேற்சன் என்னும் இருவர், நுரையீரலிலிருந்து எடுத்த இயற்கையான சர்பக்டன்டைக் குறைமாத முயற்குட்டிகளின் மூச்சுக்குழாயில் இட்டு நன்மை கண்டனர். இறுதியில் 1980 ஆம் ஆண்டு, யப்பானின் அகிற்றா நகரைச் சேர்ந்த தெற்சுரோ புஜிவாராவும் அவருடைய குழுவினரும், மாட்டின் நுரையீரலிலிருந்து தயாரித்த சர்பக்டன்டைப் பத்துச் சிசுக்களுக்குக் கொடுத்த செய்தியை வெளியிட்டனர். எட்டுச் சிசுக்கள் பிழைத்தன. அதன்பின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான சிசுக்களிற் பரிசோதித்து, 1990 இல் அமெரிக்காவும் இம்மருந்து வகையை அங்கீகரித்தது. இன்று அது உலக சுகாதார நிறுவனத்தின் சிறுவர்க்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

மருந்து கொடுக்கும் முறை

இம்மருந்தை ஊசியாக ஏற்றுவதில்லை. வாயாற் பருகக் கொடுப்பதுமில்லை. குளிர்ப்பெட்டியிற் காத்து வைத்த குப்பியை மெல்ல வெதுவெதுப்பாக்கி, சிசுவின் மூச்சுக்குழாயில் நுழைத்த சிறு குழாயின் வழியே நேரே நுரையீரலுக்குள் இறக்குகின்றனர். ஒரு கிலோகிராம் எடையுள்ள சிசுவுக்கு, மருந்தின் வகைக்கேற்ப, இரண்டரை முதல் நான்கு மில்லிலீற்றர் போதும். பல சிசுக்களில் சில நிமிடங்களுக்குள்ளேயே நீலம் பாய்ந்த உடல் சிவக்கத் தொடங்கும். ஒட்சிசனின் அளவைக் குறைத்துக்கொண்டே வரலாம். கொடுக்கும் வேளையில் இதயத்துடிப்புத் தளர்வதும், சில சிசுக்களுக்கு நுரையீரலில் இரத்தம் கசிவதும் உண்டு. எனவே இது பழகிய கைகளும் இடைவிடாத கண்காணிப்பும் வேண்டிய சிகிச்சை.

எல்லாக் குறைமாதச் சிசுக்களுக்கும் இம்மருந்து வேண்டியதில்லை. சிறு அமுக்கத்துடன் காற்றை இடையறாது செலுத்தி, அறைகள் மூடாதபடி தாங்கும் முறையொன்றை 1971 இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் கிறெகரியும் அவரைச் சார்ந்தோரும் அறிவித்தனர். வெளிமூச்சுக் குழாயின் முனையைச் சில சென்ரிமீற்றர் ஆழத்தில் நீருக்குள் அமிழ்த்தி வைத்தாலே அந்த அமுக்கம் கிடைத்துவிடும். நீரிற் குமிழி எழுந்துகொண்டிருக்கும்வரை சிசுவின் நுரையீரல் தாங்கப்படுகின்றது. இன்று முதலில் இம்முறையைக் கையாண்டு, போதாதவிடத்தே மருந்தைக் கொடுப்பதே பெருவழக்கு.

இவ்விரண்டுக்கும் முந்தியதொரு சிகிச்சையும் உண்டு. அது தாய்க்குச் செய்வது. நியூசிலாந்தில் கிரகாம் லிகின்ஸ் என்பவர், பிரசவம் எவ்வாறு தொடங்குகின்றது என்பதை ஆட்டுக்குட்டிகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டெரொயிட் மருந்து பெற்ற ஒரு குட்டி மிக முன்னதாகப் பிறந்தும் மூச்சு விட்டது. இறந்தே இருக்க வேண்டிய குட்டியின் நுரையீரலிற் காற்று எவ்வாறு புகுந்தது என்று வியந்தவர், அம்மருந்து நுரையீரலை விரைவில் முதிரச் செய்கின்றது என்று கண்டார். 1972 இல் அவரும் றொஸ் ஹவி என்பவரும், குறைமாதத்திற் பிரசவ வேதனை கண்ட தாய்மாருக்கு அம்மருந்தைக் கொடுத்துச் சிசு மரணம் குறைவதை நிறுவினர். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்வும் இதனை உறுதிப்படுத்தியது. ஆனால் ஊசி போட்டவுடன் பலன் வருவதில்லை. முழுப் பலனுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். குறைமாதத்தில் இடுப்பு வலியோ நீர்க்கசிவோ கண்ட தாய், விடியட்டும் என்று காத்திருக்கும் ஓர் இரவு, பிள்ளையின் நுரையீரலுக்குரிய இரவு.

மாடும் பன்றியும்

சர்பக்டன்ட் மருந்துகளிற் பெரும்பாலானவை மாட்டின் அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து தயாரிக்கப்படுபவை. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே வாட்டில் அடுத்தடுத்த கட்டில்களில் இருக்கும் நமது பிரதேசத்தில் இதனை மறைத்துப் பேசுவதில் நன்மையில்லை. பசுவைத் தெய்வமாகப் போற்றும் வீட்டாருக்கும், பன்றியை விலக்கும் வீட்டாருக்கும் இது மனத்தை உறுத்தக் கூடியது. உயிராபத்தில் வேறு வழியில்லாதபோது விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது இஸ்லாமியச் சட்டத்தில் நன்கறியப்பட்ட நியதி. உயிர்க்குயிராய் நிற்பவன் இறைவன் என்று கொள்ளும் சைவனுக்கும், பச்சைக் குழந்தையின் உயிரைக் காப்பதினும் மேலான அறம் இருத்தல் இயலாது என்பது என் துணிபு. ஐயமுள்ளவர்கள் வைத்தியரிடம் மருந்தின் மூலத்தைக் கேட்டறியலாம். தத்தம் சமயப் பெரியாரையும் கேட்கலாம். ஆனால் அக்கேள்வியைப் பிரசவத்திற்கு முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுதல் நன்று. மூச்சுத் திணறும் சிசுவின் அருகே நின்று விவாதிக்க நேரமிராது.

வளர்ந்த பிள்ளைக்கு ஏன் உதவவில்லை?

சிசுக்களில் இத்துணை வெற்றி கண்ட மருந்தை, நியூமோனியாவினாலோ இரத்தத்திற் பரவிய கிருமியினாலோ நீரில் மூழ்கியதாலோ கடும் சுவாசச் செயலிழப்புக்கு ஆளான பெரிய பிள்ளைகளுக்கும் கொடுத்தால் என்ன? இவ்வெண்ணம் எழுந்தது இயல்பே. ஏனெனில் அப்பிள்ளைகளின் நுரையீரலிலும் அம்மென்படலம் பழுதடைந்தே இருக்கின்றது.

2005 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பெரும் நம்பிக்கையை ஊட்டியது. 21 வைத்தியசாலைகளில் 153 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்ட அவ்வாய்வில், மருந்து பெற்றோருள் 19 சதவீதத்தினரும் பெறாதோருள் 36 சதவீதத்தினரும் இறந்தனர். ஆயினும் நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைகள் இரு குழுக்களிலும் சமமாக இருக்கவில்லை. அதனைக் கணக்கிற் கொண்டபோது வேறுபாட்டின் வலு குறைந்தது. ஆகவே மீண்டும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அதன் முடிவு 2013 இல் வெளிவந்தது. 110 பிள்ளைகள் சேர்ந்த அளவில், நன்மை எதுவும் புலப்படாமையால், அவ்வாய்வு இடைநடுவே நிறுத்தப்பட்டது. இத்துறையின் சர்வதேச நிபுணர் குழு 2015 இலும் 2023 இலும் வழங்கிய ஆலோசனைகளில், பெரிய பிள்ளைகளுக்கு இம்மருந்தை வழமையாகக் கொடுக்கலாகாது என்றே கூறியுள்ளது. தனிப்பட்ட சில பிள்ளைகளுக்கு வைத்தியர் அதனைப் பயன்படுத்தும் சந்தர்ப்பங்கள் இருக்கலாம். பொது விதியாக அது அமையவில்லை.

ஒரே மருந்து ஒருவனைக் காத்து மற்றவனைக் கைவிடுவானேன்? வயலை வைத்து விளக்கினால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். குறைமாதச் சிசுவின் நுரையீரல், உழுது பண்படுத்தி விதை நெல் இல்லாமற் கிடக்கும் வயலைப் போன்றது. விதையைக் கொடுத்தால் முளைத்துவிடும். சில நாட்களில் அதுவே தன் தேவைக்கு விளைவித்துக்கொள்ளும். நோயுற்ற பெரிய பிள்ளையின் நுரையீரலோ வெள்ளம் பாய்ந்த வயல். இரத்தக் குழாய்களிலிருந்து நீரும் புரதமும் சிற்றறைகளுக்குள் கசிந்து நிறைகின்றன. அப்புரதம், உள்ள சர்பக்டன்டையும் நாம் புதிதாக இடும் சர்பக்டன்டையும் செயலிழக்கச் செய்கின்றது. படலத்தைச் சுரக்கும் கலங்களும் காயமடைந்திருக்கின்றன. வெள்ளம் வடியாமல் எத்தனை மூடை விதையைக் கொட்டினாலும் அது அள்ளுண்டு போகும். ஆகவேதான் அப்பிள்ளைகளுக்குச் செயற்கைச் சுவாசத்தை அளவோடு கொடுத்து, மூல நோயைத் தணித்து, வெள்ளம் வடியும்வரை தாங்கிநிற்பதே இன்றும் சிகிச்சையாக இருக்கின்றது.

வாவிக்கரையில் வாழும் நமக்கு இதிற் படிக்க வேண்டிய பாடமொன்று இருக்கின்றது. நீரில் மூழ்கிய பிள்ளையின் நுரையீரலில் இம்மென்படலமே பெரிதும் சேதமடைகின்றது. நன்னீர் அதனைக் கெடுக்கின்றது. உப்புநீர் இரத்தத்திலிருந்து மேலும் நீரை இழுத்து அதனைக் கழுவிவிடுகின்றது. நம் வாவியோ மாரியில் நன்னீர் மிகுந்தும் கோடையில் உப்பு மிகுந்தும் நிற்பது. எந்த நீரானாலும் தீங்கு ஒன்றே. உலகில் 2021 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களுள் நாலிலொரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்டோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. வைத்தியசாலையில் இருக்கும் அதிசய மருந்து பிழைக்க வைத்துவிடும் என்று இவ்விஷயத்தில் நம்பியிருக்க இடமில்லை. கரையில் நிற்பவரின் கையிலேயே மருந்து இருக்கின்றது.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, கர்ப்பவதிகள் குடும்பநல மருத்துவமாதிடம் காலத்தோடு பதிந்து கிளினிக்குக்குத் தவறாது செல்லுதல் வேண்டும். மாதக் கணக்கு முற்கூட்டியே சரியாகத் தெரிந்திருந்தாற்றான், குறைமாதத்தில் வேதனை வரும்போது வைத்தியர் உடனே தீர்மானிக்க இயலும். சிசு நுரையீரல் முதிராமற் பிறக்கக் கூடுமாயின், தாயை முன்கூட்டியே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதே சிறந்தது. சிசுவை ஏற்றிச் செல்வதற்குத் தாயின் வயிற்றினும் பாதுகாப்பான வாகனம் இல்லை. 2014 ஆம் ஆண்டு ஏப்பிரலில் யப்பானின் உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அத்துறையில் வாவியைக் கடக்கப் படுவான்கரை மக்கள் படகுப் பாதையையே நம்பியிருந்தனர். இன்று பாலம் இருக்கின்றது. பாலம் இருந்தும் வீட்டிலே காத்திருந்து நேரத்தை இழப்போமாயின் குறை நம்முடையதே.

இரண்டாவது, மூச்சுத் திணறலின் அடையாளங்களை ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும். அமைதியாயிருக்கும் பிள்ளையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவில் 60 உம் அதற்கு மேலும், ஒரு வயதுவரை 50 உம் அதற்கு மேலும், ஐந்து வயதுவரை 40 உம் அதற்கு மேலும் இருந்தால் அது விரைவான மூச்சு. தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்புறம் உள்ளே குழிந்தாலும், மூக்கு விடைத்தாலும், சிசு முனகினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் ஒரு கணமும் பொறுத்தலாகாது. சிசுவின் அம்முனகலுக்கும் ஒரு பொருளுண்டு. மூடிக்கொள்ளப் பார்க்கும் அறைகளைத் திறந்து வைக்கச் சிசு தானே செய்யும் முயற்சி அது.

மூன்றாவது, நீரில் மூழ்கிய பிள்ளையைக் கரையேற்றியதும் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் தவறு. அதனால் நேரம் வீணாகின்றது. வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குட் புகவும் கூடும். மூச்சில்லையேல் உடனே பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதத் தொடங்க வேண்டும். பின்னர் நெஞ்சின் நடுவே அழுத்துவதையும் சேர்த்துச் செய்ய வேண்டும். மற்றொருவர் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். பிள்ளை கண் விழித்துப் பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றே ஆகவேண்டும். படலம் சேதமுற்ற நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் தளரக் கூடும். இம்முதலுதவியைப் பாடசாலைகளிற் சாரணர் மட்டுமன்றி எல்லா மாணவரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். கிணறுகளுக்கு உயர்ந்த கட்டும் மூடியும் அமைப்பதும், சிறுவருக்கு நீச்சல் பழக்குவதும், வாவிக்கரையில் விளையாடும் சிறுவரைப் பெரியவர் ஒருவர் கண்ணிற் படும்படி வைத்திருப்பதும் பெரும் செலவுக்குரிய காரியங்கள் அல்ல.

நான்காவது பொதுமக்கள் அனைவருக்கும் உரியது. சர்பக்டன்ட் விலையுயர்ந்த மருந்து. குளிர்ப்பெட்டி, மூச்சுக்கருவி, பழகிய தாதியர் யாவும் சேர்ந்தாலன்றி அது பயன்படாது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, பச்சிளங் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் இடும் சிறு குழாய்களுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டு, கொழும்பில் வைத்தியர்கள் அவற்றை நன்கொடையாக வேண்டி நின்றதை நாடு மறந்திருக்காது. குழாய் இல்லையேல் மருந்து உட்செல்ல வழியில்லை. ஏழை விவசாயியின் பிள்ளைக்கும் மீனவரின் பிள்ளைக்கும் பணம் பெறாது சிகிச்சையளிக்கும் இலவச வைத்திய முறை நமக்கு வாய்த்த பெருஞ்செல்வம். அதனைப் பேணும்படி ஆள்வோரைக் கேட்பதும், கோயிற் சபைகளும் பள்ளிவாசற் சபைகளும் சனசமூக நிலையங்களும் தத்தம் பிரதேச வைத்தியசாலைக்கு வேண்டியதை வினவியறிந்து உதவுவதும் நம் கடமை.

மூச்சு என்பது நாம் எண்ணாமலே நடைபெறும் தொழில். அதன் அடியில் இத்துணை மெல்லிய ஒரு படலம் அதனைத் தாங்கி நிற்கின்றது. சில பிள்ளைகளுக்கு அதனைக் குப்பியிலிருந்து கொடுக்க மனித அறிவு கற்றுக்கொண்டது. மற்றைய பிள்ளைகளுக்கு அது கெடாமற் காக்கும் வேலை இன்னும் வீட்டாரிடமும் ஊராரிடமுமே இருக்கின்றது.